வழியில் உண்ட சோறு

சென்ற மாதம் தபாலில் வந்த கடிதம் ஒன்று என் மேசைமீது இன்னும் விடையின்றிக் கிடக்கிறது. எழுதியவர் இளைப்பாறிய லிகிதர். வருகிற விடுமுறையில் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் கண்டிக்கும், அங்கிருந்து மலைநாட்டுக்கும் போக எண்ணியிருக்கிறாராம். "நீங்கள் ஊரூராய்ச் சுற்றிய கதைகளை இப்பகுதியில் எழுதி வருகிறீர்கள். கோயில் எப்படி, குளம் எப்படி என்று சொல்கிறீர்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? நல்ல சாப்பாட்டுக்கடைகளின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உபகாரமாயிருக்குமே" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானதே. நான் காலங்கடத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் சொல்லக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகிறவன் வழியில் முதலில் உண்பது சோறன்று, கச்சான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டியை நிறுத்தாமற் போகிற சாரதியை நான் கண்டதில்லை. தேங்காயை உடைத்து, நெற்றியில் நீறு பூசி, கச்சான் சரை ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினால்தான் பிரயாணம் தொடங்கியதாக மனம் ஒப்புக்கொள்ளும். என் வயதொத்தவர்களுக்கு அந்தச் சரை இன்னொரு பொருளும் உடையது. 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, நான் சிறு பிள்ளையாயிருந்த 1990இல் நின்றுபோயிற்று. மாகோவில் வடை வாங்கியதையும் பொல்காவலையிற் கோப்பி குடித்ததையும் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தோமேயன்றி, நாங்கள் அந்த வண்டியைக் கண்டதில்லை. அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில். அதற்குள் எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

இடையில் 2002ஆம் ஆண்டு கண்டி வீதி திறக்கப்பட்டபோது நான் பல்கலைக்கழக மாணவன். முகமாலையில் இறங்கிப் பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, ஓமந்தையில் இறங்கித் திரும்பவும் அவிழ்த்துக் காட்டிக் கொழும்பு போன பயணம் அது. நடுவே முறிகண்டியில் ஒரு சரை வாங்கினேன். கச்சான் சற்றுக் கருகியிருந்தது, சொத்தையும் கலந்திருந்தது. ஆயினும் கொழும்பு போய்ச் சேருமட்டும் அதை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். தகப்பனார் வாயாற் கேட்ட வழியில் முதன்முதலாக நான் வாங்கித் தின்ற பண்டம் அதுவே. நான்கு ஆண்டுகளில் அப்பாதை மீண்டும் மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரே மறுபடி திறந்தது.

லிகிதர் அன்பர் சைவ போசனக்காரர் என்று குறிப்பிட்டிருக்கிறார். நானும் அவ்வாறே. ஆகையால் அவருக்கு ஒரு சங்கடத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மதவாச்சி தாண்டிய பின் மீன், இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் எவரும் முகஞ் சுளிக்கமாட்டார்கள். பருப்பும் கீரையும் பலாக்காயும் மனமுவந்து தருவார்கள். ஆனால் தேங்காய்ச் சம்பலில் மாசி இருக்கும். மாசியை மீனென்று கருதுவோர் அங்கே அரிது. உப்பு, புளி போல அதுவும் ஒரு சரக்கு, அவ்வளவே. "மாளு எப்பா" என்று மட்டும் சிங்களத்திற் சொல்லி நிறுத்திக்கொண்டால் அகப்பட்டுக்கொள்வீர்கள். "உம்பலகட" என்ற சொல்லையும் மனனம் பண்ணிக்கொள்வது நல்லது. நான் இதைக் கற்றுக்கொண்டது எப்படி என்று கேளாதிருப்பீர்களாக.

அந்தச் சொல்லை நான் தக்க நேரத்தில் உபயோகித்த இடம் அம்பேபுஸ்ஸ வாடிவீடு. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில், 1828ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. நமது நாட்டு வாடிவீடுகளுள் மிகப் பழையது அதுவே என்பர். குதிரைமீதும் மாட்டுவண்டியிலும் சென்ற உத்தியோகத்தர் இரவு தங்குவதற்கென்று ஆங்கிலேயர் வீதியோரங்களில் அமைத்த இவ்வில்லங்கள், பிற்காலத்தில் நம்மவருக்கும் கதவு திறந்தன. இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்து நின்றதும் அம்பேபுஸ்ஸவிலேதான். மலையேறிக் கண்டியை அடைய அதற்கு 1867ஆம் ஆண்டாயிற்று. அந்தப் புகையிரதத்தைப் பற்றி எழுதுவதற்காகவே நான் அங்கே போயிருந்தேன்.

மத்தியானம் கடந்துவிட்டது. என்னைத் தவிர வேறு விருந்தினர் இல்லை. சிவப்பரிசிச் சோறு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கீரை வறை, சம்பல். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் பரிமாறியவர் சம்பற் கிண்ணத்தைச் சடாரென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று எண்ணினேன். சற்றுப் பொறுத்து உள்ளிருந்து தேங்காய் திருவும் ஓசை கேட்டது. சமையற்காரரே புதிய சம்பலோடு வந்து, நான் முதற்பிடி உண்ணுமட்டும் அருகில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றி சொன்னேன். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் "சாப்பிடுங்க" என்றார். வேறு பேச்சில்லை.

பெரிய மண்டபத்தில் தனியனாய் இருந்து உண்ணும்போதெல்லாம் எனக்கு ஆபுத்திரன் நினைவு வரும். வகுப்பில் மணிமேகலை நடத்துகிறவனுக்கு இது தொழிற்பழக்கம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கையில் இருந்தும், உண்பார் எவருமில்லாத மணிபல்லவத் தீவில் தான் மட்டும் உண்டு உயிர்வாழ விரும்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினி கிடந்து இறந்தவன் அவன். மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கருதுவோர் உளர். அது எவ்வாறாயினும், குறிகட்டுவானில் வள்ளமேறி நாகபூசணி அம்மன் சந்நிதிக்குப் போய் வந்தவர்கள், அங்கே அமுதசுரபி என்ற அதே பெயரோடு விளங்கும் அன்னதான மண்டபத்தை அறிவார்கள். யார், எவர் என்ற விசாரணை இல்லை. பந்தியில் அமர்ந்தவனுக்குச் சோறு வரும். ஒரு முறை என் பக்கத்தில் இருந்தவர் கொழும்பில் எனக்கு மேலதிகாரியாயிருந்தவர். மறுபக்கத்தில் இருந்தவர் எங்களை ஏற்றிவந்த வள்ளக்காரர். பருப்பு எனக்கு வருவதற்கு முன்னர் வள்ளக்காரருக்குப் போயிற்று.

காசு வாங்காமல் எனக்கு உணவளித்த இடம் இன்னொன்றும் உண்டு. லிகிதரின் கடிதத்துக்கு நான் விடை எழுதாதிருந்ததற்குக் காரணம் அந்த இடம்தான்.

2016ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையிற் பதுளைப் புகையிரதத்தில் மலைநாட்டுக்குப் போனேன். பட்டிப்பொலையில் 6,226 அடி உயரத்தைத் தொட்டுவிட்டு வண்டி இறங்கத் தொடங்கியதும் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. பின்னர் மழை. அப்புத்தளைக்கு அப்பால் ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடந்து, ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வரிசையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அங்கே ஒரு காம்பிராவின் வாசலில் வாங்கொன்று போட்டிருந்தது. உள்ளே அடுப்பெரிந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ரொட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டித் தகட்டிற் சுடுவது. தோட்டங்களில் அரிசியும் மாவும் கொடுத்துவிட்டுச் சம்பளத்திற் கழித்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. மாவு அந்த வழியாகவே லயன் அடுப்புக்கு வந்தது. விடியற்காலையிற் சுட்டுத் துணியிற் கட்டிக்கொண்டு போனால், மலைச்சரிவில் நின்றபடியே மத்தியானம் தின்னலாம், கெடாது, சிந்தாது. தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். மாசி உண்டோ என்று வழக்கம்போல விசாரித்தேன். "மாசி விக்கிற வெலையில அதுக்கு நான் எங்க போறது ஐயா?" என்று சிரித்தார்.

வெறுந்தேநீரும் தந்தார். எதிர்மலையில் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரிந்தது. அங்கே அரைத்துத் தரம் பிரித்த நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். முப்பது வருடம் கொழுந்து பறித்த அந்தக் கை எனக்குக் கலந்து தந்தது தூள்தான். அந்த மழையில் அதற்கு நிகரான பானத்தை நான் குடித்ததில்லை. தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு, உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனின் செலவுக்காக இந்தச் சிறு கடையைத் தொடங்கியதாகச் சொன்னார். கொழுந்து பறிப்போரும் புகையிரதப் பாதையில் வேலை செய்வோருமே வாடிக்கைக்காரர்கள். ரொட்டி இரண்டுக்கும் தேநீருக்குமாக ஐம்பத்தைந்து ரூபா கொடுத்தேன்.

ஊர் திரும்பி எழுதினேன். நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசையினால், எல்லாவற்றையும் எழுதினேன். எந்த நிலையத்தில் இறங்குவது, எத்தனை நிமிடம் நடப்பது, எத்தனையாவது காம்பிரா, கதவின் நிறம் என்ன என்பது ஈறாக ஒன்றும் விடவில்லை. அந்த வருடம் நான் எழுதியவற்றுள் அதிகக் கடிதங்கள் வந்தது அதற்குத்தான். பாராட்டுக் கடிதங்களை இன்னும் ஒரு கோவையில் வைத்திருக்கிறேன்.

கடிதம் எழுதியவர்கள் கடிதத்தோடு நின்றுவிடவில்லை. அவர்கள் போனார்கள், போய்ப் படம் எடுத்து மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். வான்களில் வந்திறங்கினார்கள். ரொட்டி சுடுமட்டும் பொறுக்கமாட்டாமல் அயல் வீட்டுத் திண்ணைகளில் ஏறி இருந்தார்கள். பின்புறத்து மரக்கறிப் பாத்தியில் நின்று படம் எடுத்தார்கள். போத்தல்களையும் கடதாசிகளையும் விட்டுப் போனார்கள். முதலில் அயலார் முறைப்பட்டார்கள். அது தோட்டத் துரையின் காதுக்குப் போயிற்று. லயன் தோட்டத்துச் சொத்து. அங்கே குடியிருக்கலாமேயன்றி வியாபாரம் நடத்தலாகாது என்று உத்தரவாயிற்று. அதுகாறும் அந்த வாங்கு எவர் கண்ணுக்கும் படாமலிருந்ததனாலேயே அது அங்கே இருந்தது. நான் அதைக் கண்ணிற் படச் செய்தேன்.

இவற்றுள் ஒன்றையும் அறியாதவனாய், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் போனேன். வெறுந்தேநீரைப் பனங்கட்டி கடித்துக் குடிக்கும் எங்களூர் வழக்கத்தை முதன்முறை அவருக்குச் சொல்லியிருந்தேன். "அது எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தார். வாங்கைக் காணவில்லை. கதவைத் தட்டினேன். என்னை அடையாளங் கண்டுகொண்டு உள்ளே அழைத்தார். நடந்ததை நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னாரேயன்றித் தாமாக ஒன்றும் சொல்லவில்லை. மகன் பரீட்சைக்குத் தோற்றாமலே கொழும்புக்குப் போய்ப் புடைவைக்கடை ஒன்றில் நிற்கிறானாம்.

இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அவன் மறுபடி தோற்றலாம், தனிப்பட்ட முறையில் விண்ணப்பிக்கலாம், புத்தகங்களை நான் அனுப்புகிறேன் என்றெல்லாம் விரைவாகப் பேசினேன். அம்மையார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே மாவைப் பிசைந்தார். நான் நிறுத்தியதும் சொன்னார்:

"நீங்க எழுதினத மகன் வாசிச்சுக் காட்டினான் ஐயா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அந்தக் கதவு நெறத்த மட்டும் சொல்லாம விட்டிருக்கலாம்."

அதன்பின் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்துப் பார்த்து, கருப்பட்டியைவிடச் சற்றே கரிக்கிறது என்றார். நான் மூன்று ரொட்டி தின்றேன். காசை நீட்டியபோது, "கடையாயிருந்தா வாங்குவேன், இப்ப இது வீடுதானே" என்று கையை மடக்கிக்கொண்டார். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. மகனின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொழும்பில் அவனை இரண்டு முறை சந்தித்தேன். புத்தகங்களை வாங்கிக்கொண்டான். பரீட்சைக்குத் தோற்றவில்லை.

லிகிதர் அன்பரே, அம்பேபுஸ்ஸவில் இறங்குங்கள். சமையற்காரர் யாராயிருந்தாலும் மாசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வட மாகாணத்துப் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் வழியில் எதிர்ப்பட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் குரக்கன் பண்டம் வாங்கிக் கொடுங்கள். அவை அறியப்படுவதற்கென்றே வீதியோரத்தில் நிற்பவை. மலையேறிய பின் என்னிடம் வழி கேட்க வேண்டாம்.

அன்று புறப்படும்போது வழிக்கென்று இரண்டு ரொட்டியைப் பத்திரிகைத் தாளிற் சுற்றித் தந்தார். வண்டி நானுஓயாவைத் தாண்டிய பிறகு பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள். என்னையறியாமலே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது எனது பக்கம் அன்று. மணமகன் தேவை விளம்பரங்கள் நிறைந்த தாள். நடுவில் எண்ணெய் ஊறிப் போயிருந்தது.