யந்திரம் அறியாத பிழை

நம் சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள், அச்சம், பிணி முதலியன நேருங்கால் அட்ரினலின், கார்ட்டிஸால் என்னும் ஹார்மோன்களை மிகுதியாக இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றுள் ஒரு சிறு பகுதி சிறுநீரில் வெளிப்படும். அதனை அளந்தறியும் வேலையை இந்நாளில் பெரிய பரிசோதனைச் சாலைகளில் யந்திரங்களே செய்கின்றன.

1957-ஆம் ஆண்டில் லெனர்ட் ஸ்கெக்ஸ் என்பார் அமைத்த தானியங்கிப் பரிசோதனை யந்திரம் விற்பனைக்கு வந்தது. 1960-இல் யாலோ, பெர்ஸன் என்னும் இருவர் இரத்தத்திலுள்ள இன்ஸுலினை எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளந்து காட்டினர். இவ்விரு வழிகளும் பின்னர் ஒன்றுகூடியமையால், கையால் பல நாழிகை செய்த வேலை விரைவில் முடிகின்றது. இது போற்றத்தக்கதே.

எனினும், யந்திரம் வந்தபின் மனிதர் கவனம் வேண்டுவதில்லை என்பாரோடு யாம் உடன்படோம். யந்திரம் தன்னுள் இட்ட துளியை அளக்குமேயன்றி, அது வந்த வழியை அறியாது. கார்ட்டிஸால் காலையில் மிகுந்தும் நள்ளிரவிற் குறைந்தும் இருப்பதாதலின், 24 மணி நேரத்துச் சிறுநீர் முழுவதையும் திரட்டுதல் வேண்டும். முதல்நாட் காலையில் எழுந்தவுடன் கழிவதை நீக்கி, மறுநாட் காலையில் கழிவதுவரை யாவும் சேர்த்தல் முறை. ஒருமுறை விடுபடினும் அளவு குறையும். குஷிங் நோயுடையார் நோயற்றவர்போல் தோன்றுவர். முதல்நாட் காலையதையும் சேர்த்துவிட்டாலோ அளவு மிகும். நலமுடையாரும் வீணே அஞ்சுவர்.

மருந்தினாலும் பிழை நேரும். பிரெட்னிஸோலோன் உண்டவர் சிறுநீரில், எதிர்ப்பொருள் முறையில் இயங்கும் யந்திரங்கள் பல அம்மருந்தையும் கார்ட்டிஸாலாகவே கணக்கிடக்கூடும். மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் பிரித்தறியும் கருவி இவ்விரண்டனையும் வேறுபடுத்தவல்லது. ஆனால் அதன் விலை பெரிது. நோயாளி என்ன மருந்து உண்டார் என்று வினவுதற்கோ செலவொன்றுமில்லை.

வேலை மிகுந்த வைத்தியசாலையில் ஒவ்வொருவரிடமும் பேசப் பொழுது ஏது எனச் சிலர் வினவலாம். யந்திரம் மிச்சப்படுத்தித் தந்த பொழுது எங்கே போயிற்று என்று யாம் திருப்பி வினவுகின்றோம். அப்பொழுதிற் சிறிதளவேனும், புட்டியைக் கையிற் பெறும் நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் முறையை எடுத்துரைத்தற்கு உரியதாகும். விஞ்ஞானம் பயிலும் மாணவர்காள்! நாளை நீவிர் பரிசோதனைச் சாலையிற் பணிபுரியுங்கால், எண்ணைப் படிக்குமுன் அப்புட்டி எங்ஙனம் நிறைந்ததென்று கேளுங்கள்.