'பெற்றோர்' என்றால் அம்மா என்று அர்த்தம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் நான்கு வயது மகனுக்கு ஆன்லைனில் பேச்சுப் பயிற்சி. பருப்பு டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்துவிட்டு அவனை மடியில் இருத்திக்கொள்வேன். "அம்மா, பந்தை உடனே குடுத்துடாதீங்க. அவன் முகத்தைப் பாருங்க, அஞ்சு எண்ற வரைக்கும் காத்திருங்க" என்பார் பயிற்சியாளர். காத்திருப்பேன். அவன் உதடு குவித்து "ப" என்று தொடங்குகிற நேரத்தில் சிக்னல் போய்விடும்.

முக்கால் மணி நேரத்தில் அவர் பயிற்சி முடிந்துவிடும். என் பயிற்சி அப்போதுதான் தொடங்கும். குளிப்பாட்டும்போது சொல்லவேண்டிய சொற்கள், சோறூட்டும்போது கேட்கவேண்டிய கேள்விகள், எடுத்து அனுப்பவேண்டிய வீடியோக்கள் என்று வாரம் முழுவதற்கும் வேலை வந்திருக்கும்.

நான் இந்த முறைக்கு எதிரி அல்ல. முன்பு அறந்தாங்கியிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போய்வர ஒரு பகல் முழுதும் போகும். பிள்ளை வழியெல்லாம் வாந்தியெடுப்பான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த பிறகுதான் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குப் பயிற்சி திரைக்கு வந்தது. அது இல்லையென்றால் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்குப் பயிற்சியே இல்லை. பிள்ளை பேச்சைக் கற்பது வீட்டுப் புழக்கத்தில்தான், ஆகவே வீட்டிலிருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது சரியான வழி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

என் கேள்வி ஒன்றுதான்: வீட்டிலிருப்பவர் யார்? எங்கள் வாட்ஸப் குழுவின் பெயர் 'பெற்றோர் குழு'. அதில் இருப்பதெல்லாம் அம்மாக்கள். ஒரே ஒரு அப்பா உண்டு. கட்டணம் கட்டிய ரசீதைப் போட்டுவிட்டு மறைந்துவிடுவார்.

என் கணவர் கெட்டவர் அல்ல. கடையிலிருந்து வந்ததும் "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் கணக்குக் கேட்கும் மேலாளரும் அப்படித்தான் கேட்பார். அத்தைக்கோ வேறு விளக்கம் இருந்தது: "பெத்தவ வேலைக்குப் போயிட்டா புள்ள யார்கிட்டப் பேசும்?" புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் எழுதிய புத்தகம், பிள்ளையின் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவைக் காரணமாக்கியது. அறிவியல் அதை எப்போதோ தூக்கியெறிந்துவிட்டது. அவர் பெயரையே கேள்விப்படாத எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பழி இன்னும் குடியிருக்கிறது.

ஆறாவது மாத அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: "வீட்டுப் பயிற்சி போதவில்லை. அம்மாவுக்கு அறிவுறுத்தப்பட்டது." அதைப் படித்த வாரம்தான் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாதபடி எல்லாம் அமைந்திருந்தது.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதற்கு மேல்தான் பிள்ளை பராமரிப்பு. அதற்கும் மேல்தான் இந்தப் பந்தும் படஅட்டையும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோரையும் 'பராமரிப்பாளர்' என்கிறது. பராமரிப்பாளர் படியைப் பற்றிப் பேசும்போதோ அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்கிறது. மற்ற அம்மாக்களுக்குக் கிடைத்தது பெயர் மட்டும்.

பயிற்சியாளர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் பெண், அவர் பின்னாலும் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கும். கோபம் இந்த ஏற்பாட்டின் மீது. ஒரு தாலுகாவுக்கு ஒரு பயிற்சியாளரை நியமிக்கவேண்டிய செலவை, ஒரு தாயின் பகலில் கழித்துக்கொள்கிற ஏற்பாடு இது.

ஆகவே கேட்கிறேன். தாலுகா மருத்துவமனையில் நிரந்தர ஊதியத்தில் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். ஆன்லைன் பயிற்சி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கவேண்டும், மாதத்தில் பாதி நாள் அப்பா உட்காரவேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'அம்மாவின் கைபேசி எண்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்.

அடுத்த அறிக்கையில் "அப்பாவுக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று ஒரு வரி வரட்டும். என் முயற்சி போதுமா போதாதா என்று அதற்குப் பிறகு பேசலாம்.