மூலமா, பவுத்திரமா?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். மகளுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும்.

ஆறு மாதமாக அப்பா 'மூலம்' என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். ஆசனவாய் ஓரம் ஒரு கட்டி. உடையும், சீழ் வரும், வலி குறையும், மறுபடி வீங்கும். மகளிடம் எப்படிச் சொல்வது? லுங்கியில் கறையைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்.

"நைனா, இது மூலம் இல்ல. பவுத்திரமா இருக்கும். நாளைக்கு டாக்டராண்ட போலாம்."

மூலம் என்பது ரத்தக்குழாய் வீக்கம். பவுத்திரம் வேறு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு சுரப்பியில் சீழ் கட்டி, தோல்வரை சுரங்கம்போலப் பாதை போட்டுவிடும். களிம்பு அதற்குள் எட்டாது. ஒரே பாதை, சுருக்குத் தசையை அதிகம் தொடவில்லை என்றால் எளிய வகை. திறந்துவிட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். கிளை விட்டதையோ தசையை ஆழமாகத் துளைத்ததையோ அவசரப்பட்டு வெட்டினால், மலத்தை அடக்கும் சக்தியே போகலாம்.

இந்த வித்தியாசங்கள் 2024 அக்டோபர் 1 முதல் அமெரிக்க கோடிலும் வந்துவிட்டன. உள்துவாரம் ஆசனவாயில் என்றால் கே60.3 வரிசை, மலக்குடலில் என்றால் கே60.4. மலக்குடலில் எளிய வகை முதல்முறை வந்தால் கே60.411, ஆறாமல் நீடித்தால் கே60.412, ஆறித் திரும்ப வந்தால் கே60.413. டாக்டர் வெறுமனே 'ரெக்டல் ஃபிஸ்டுலா' என்று எழுதிவிட்டால் கே60.40தான், அதாவது வகை குறிப்பிடாதது. கோடர் தானாக ஊகித்துப் போடக் கூடாது. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அவரோ நோயாளி சொல்வதை வைத்துத்தானே எழுதுவார்!

மறுநாள் டாக்டர் விரலால் பரிசோதித்தார். சின்னதுதான் என்றார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் சார்."

"ஆறு மாசம்" என்றாள் மகள்.

"முன்னாடி எப்பவாவது இதே மாதிரி வந்ததா?"

அப்பா தரையைப் பார்த்தார். "மூணு வருஷம் முன்னாடி ஒரு தபா ஆபரேஷன் பண்ணாங்க. வலைக்குப் போறேன்னு வூட்ல சொல்ட்டு, ரெண்டு நாள் படுத்துட்டு வந்தேன்."

மகளுக்கு இது தெரியாது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, திரும்ப வந்தது என்று எழுதினார். முன்பு கத்தி பட்ட இடம் என்பதால் எளிய வகை என்று உடனே சொல்லிவிட முடியாது என்று, எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு கொடுத்தார்.