அந்தமானில் டைவிங்: கடைசி நாளில் கடலுக்குள் இறங்கலாமா?

நீண்ட வார இறுதி வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தமான் பேக்கேஜ்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். முதல் நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ஃபெர்ரி ஏறி ஹேவ்லாக், மாலையில் ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் எலிஃபன்ட் பீச். நான்காம் நாள் அதிகாலை ஸ்கூபா டைவிங், முடித்த கையோடு ஃபெர்ரி, பிற்பகலில் சென்னை விமானம். லீவு ரெண்டே நாள்தான் போகும். பார்க்கக் கச்சிதமா இருக்கு. ஆனால் அந்த நான்காம் நாள்தான் சிக்கல்.

டைவிங் முடித்து சில மணி நேரத்தில் விமானம் ஏறக் கூடாது. ஏஜென்ட்டுகள் பலர் இதைச் சொல்வதே இல்லை.

ஏன் இந்த இடைவெளி?

கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 12 மீட்டர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம், கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால்? கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டிக்குப் போவதுபோல. அழுத்தம் சட்டென்று குறையும்போது கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறலாம். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்கிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். மூட்டு வலியில் தொடங்கி நரம்பு பாதிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடிய பிரச்சினை இது.

எனவேதான் ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பரிந்துரை. 24 மணி நேரம் விட்டால் நிம்மதி. இந்தப் பாதிப்புக்கான அழுத்த அறை சிகிச்சை ஹேவ்லாக்கில் கிடையாது. மறுபடி கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதையும் கணக்கில் வைப்பது நல்லது.

ஆகவே பயணத்தைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். முதலில் திரும்பும் விமானம், அதற்கு முந்தைய ஒரு நாள் போர்ட் பிளேருக்கு, அதற்கும் முன்னால்தான் கடல். செல்லுலார் சிறையைக் கடைசி நாளுக்குத் தள்ளினால் எதுவும் குறைந்துபோகாது.

கடலுக்கு லீவு லெட்டர் கிடையாது

கூடுதலாக ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணம், வானிலை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதே வானிலை அமைப்பு அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் பக்கம் இருந்தபோது ஃபெர்ரிகள் நின்றுபோய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அந்த அளவுக்குப் போக வேண்டாம். சாதாரணச் சளி பிடித்தாலே போதும், காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாமல் டைவிங் ரத்தாகிவிடும். ஒரே நாளை நம்பிப் போனால் மொத்தமும் போச்சு. பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஒத்துழைக்கும். ஜூனில் மலிவு விலை டிக்கெட் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி, பலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம். நான்கு நாளே இருக்கிறது, ஒரு வீடியோ எடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஸ்கூபா தேவையா என்பதே கேள்விதான். நீச்சல்கூடத் தெரியாதவர்களுக்கான அறிமுக டைவ், பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அதிகபட்சம் 12 மீட்டருக்குள் நடப்பது. பெரும்பாலும் கரையை ஒட்டிய நீமோ ரீஃப் போன்ற இடங்களில்தான். ஹேவ்லாக்கின் பெயரை டைவர்களிடம் கொண்டுசேர்த்த ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் எல்லாம் இன்னும் ஆழம். அறிமுக டைவில் அங்கே போக முடியாது. மீன் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஸ்நார்க்கெலிங் மலிவு, விமான நேரத்துக்கும் பிரச்சினை இல்லை. உண்மையிலேயே டைவிங் பிடிக்குமென்றால் ஆறேழு நாள் ஒதுக்கி, மூன்று, நான்கு நாள் ஓடும் ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடிப்பதே காசுக்கு மதிப்பு. அந்தச் சான்றிதழை வைத்து உலகில் எங்கும் 18 மீட்டர் வரை இறங்கலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள அவசர டைவுக்குத்தான் பெரும்பாலானோர் பணம் கட்டுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இறங்கும் முன் தரப்படும் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயப் பிரச்சினையை மறைப்பது நம் ஊர்க்காரர்களிடம் அதிகம். "சொன்னா விடமாட்டாங்க" என்பார்கள். விடாமல் இருப்பதற்குத்தானே அந்தப் படிவம்? படிவத்தைக் கேட்காமலேயே கடலுக்குள் இறக்கும் கடையாக இருந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடலாம். பயணக் காப்பீடு எடுத்திருப்பவர்களும் அதில் ஸ்கூபா அடங்குமா என்று ஒருமுறை பார்க்கட்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020-ல் வந்தபிறகு நெட் பரவாயில்லை. ஆனால் யுபிஐ-யை மட்டும் நம்பாமல் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது பையில் சங்கு, பவளத் துண்டு எதுவும் வேண்டாம். கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் பவளத்தை எடுத்து வருவது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் அது தெளிவாகவே தெரியும்.