அந்தக் கறையைத் துவைக்காதீர்கள்!

மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோயில், அப்புறம் ஜிகர்தண்டா, அதற்கும் மேல் நேரம் இருந்தால் காந்தி மியூசியம். நம்மில் பலருக்கு வரிசை இதுதான். எனக்கும் அப்படித்தான். போன மாதம் அக்கா மகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட் புண்ணியத்தில் வரிசை தலைகீழானது.

தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. 1959-ல் நேரு திறந்துவைத்த அருங்காட்சியகம். படங்களையும் கடிதங்களையும் கடந்து போனால் ஓரிடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, ரத்தக் கறையோடு.

"சித்தி, இதை ஏன் யாருமே துவைக்கலை?" என்றாள் அவள்.

நம் வீட்டில் யாராக இருந்தாலும் முதல் வேலையாகத் துவைத்திருப்போம். சோப்பு போட்டு, வெயிலில் காயவைத்து, மடித்து பீரோவில் வைத்திருப்போம். அன்பு நம்மை அப்படித்தான் செய்யச் சொல்லும். ஆனால், துவைத்துவிட்டால் அது வெறும் கதர்த் துணி. கதர்க் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அந்த நாளைச் சொல்வது கறைதான்.

இதே மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது காந்தி சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். அந்த உடை பிறந்ததும் இங்கே, கடைசியாக அவர் உடலில் இருந்த துணி வந்து சேர்ந்ததும் இங்கே. மதுரைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம்!

அமெரிக்காவிலும் இப்படித் துவைக்காத உடுப்பு ஒன்று உண்டு. 1963-ல் ஜனாதிபதி கென்னடி டல்லாஸில் சுடப்பட்டபோது, பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜாக்குலின் அணிந்திருந்த இளஞ்சிவப்பு உடை. அதை மாற்றச் சொல்லியும் அவர் மாற்றவில்லை. கறையோடுதான் வாஷிங்டன் திரும்பினார். இன்றுவரை துவைக்கப்படாத அந்த உடை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில், வெளிச்சம் படாமல் பத்திரமாக இருக்கிறது. 2103 வரை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது குடும்பத்தின் நிபந்தனை. அதோடு அணிந்திருந்த தொப்பி மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து 2022-ல் நடந்தது. 1962-ல் அதே கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ அணிந்து பாடிய கவுனை, கிம் கர்தாஷியன் ஒரு விருந்துக்கு மாட்டிக்கொண்டு வந்தார். வரலாற்று உடைகளை யாருமே அணியக் கூடாது என்று அருங்காட்சியக நிபுணர்கள் அறிக்கையே வெளியிட்டார்கள். வியர்வை, இழுவை, விளக்கு வெளிச்சம் என்று பழைய நூலுக்குத்தான் எத்தனை எதிரிகள்!

'இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கென்ன?' என்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். எம்.ஜி.ஆர். தோளில் கை போட்டு எடுத்த படமோ, ஏதோ ஒரு தலைவர் மேடையில் போர்த்திய பொன்னாடையோ. எங்கள் வீட்டில் இருந்தது காமராஜர் படம்.

அவர் முதலமைச்சராக இருந்தபோது எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு வந்தார். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்களில் தாத்தாவும் ஒருவர். நடுவில் காமராஜர், சுற்றிலும் 17 பேர், ஓரத்தில் தாத்தா. தாத்தா முகம் தெரிகிற ஒரே படம் அதுதான். கண்ணாடி ஃபிரேம் போட்டு, அறுபது வருடம் கூடத்துச் சுவரில் தொங்கியது. ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. நான்தான் "புதுசா லேமினேட் பண்ணிடலாம்மா" என்று கடைக்கு எடுத்துப்போனேன். கடைப் பையன் கண்ணாடியிலிருந்து படத்தை உரித்தான். காமராஜர் வந்தார். தாத்தா வரவில்லை. அவர் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அந்தக்காலக் கறுப்பு-வெள்ளைப் படங்களில் உருவம் இருப்பது ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் அது பசையாகிவிடும். ஒட்டிய படத்தை உரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிதாக ஃபிரேம் போடுகிறவர்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. 70, 80-களின் கலர் படங்கள் இருந்தால் முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். அவை பெட்டிக்குள் இருந்தாலும் சிவந்து மங்கும்.

துணி என்றால் பிளாஸ்டிக் கவர் கூடாது. கஞ்சி போடாத, நன்றாக அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைத்தால் மடிப்பில் இற்றுப்போகாது. பாச்சை உருண்டை துணியைத் தொடக் கூடாது. கறை இருந்தால்... அதுதான் சொல்லிவிட்டேனே!

நல்லவேளையாக, அந்தக் கண்ணாடியைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை. அதைப் படத்தின் மேல் பழையபடி பொருத்தி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுத்தேன். கொஞ்சம் கோணலாக, கழுத்தில் ஒரு கோட்டோடு தாத்தா திரும்ப வந்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "மத்தவங்க யாரு?"

அம்மாவுக்குத் தெரிந்தது நான்கு பேர். மற்றவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் விருதுநகரில் இருக்கும் பெரியப்பா ஒருவர்தான். வயது 88. இந்த ஞாயிற்றுக்கிழமை படத்தோடும் ஒரு பென்சிலோடும் போகிறேன். படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழுந்துவிடுமாம்.