அட்டை பெட்டிக்குள், மாத்திரைக்குக் கடன்

சிங்கம்புணரியைச் சுற்றியுள்ள தென்னை நார் ஆலைகளில் கூலிக்குச் செல்வோரை எந்நோய்கள் வாட்டுகின்றன என்பதை நாம் அறிவோம். நார்த்தூசியால் இருமல், மூச்சிரைப்பு, ஓயாத இடுப்புவலி. நாற்பதைக் கடந்தால் சர்க்கரை, இரத்த அழுத்தம். இவற்றுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் மாத்திரையும் அவ்வப்போது பரிசோதனையும் தேவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோ, உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மையாகப் பயன்படுகிறது. எனவே காலனி வீடுகளில் அட்டை பெட்டிக்குள் பத்திரமாக இருக்க, மருந்துக்கடைக்குக் கடன் வாங்கிய பணம் போகிறது.

தனியார் காப்பீட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வயதும் நோயும் கூடக்கூடப் பிரீமியமும் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024இல் குறைக்கப்பட்ட பின்னரும் மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். தனிநபர் பாலிசிகளுக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் நாட்கூலிக்காரருக்குப் பிரீமியமே எட்டாக்கனி.

நாம் விவாதிக்க வேண்டியது அரசே பிரீமியம் கட்டும் காப்பீட்டை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்தின் வழியே தொடங்கியது. 2012இல் புதிய பெயருடன் பொதுத்துறையின் யுனைடெட் இந்தியாவுக்கு மாறியது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து ஐந்து லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. இதய அறுவை சிகிச்சையைக் கனவிலும் எண்ணாத குடும்பங்களுக்கு அது கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் காப்பீடு, மருத்துவர் இல்லாத ஊரில் மருத்துவரை உண்டாக்காது. அட்டையை ஏற்கும் பெரிய தனியார் மருத்துவமனைகள் மதுரை போன்ற நகரங்களில்தான் குவிந்துள்ளன. சிகிச்சைத் தொகையில் அரசு மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு என்பது உண்மை. எனினும் அது அறுவை சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கே சேரும். ஊர்ப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை அவ்வளவாக எட்டாது.

இன்னொன்றும் உண்டு, அதைப் பொருளாதார அறிஞர்கள் அதிகம் பேசுவதில்லை. அரசு மருத்துவமனையின் மருத்துவர், செவிலியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியார் மருத்துவமனையில் இல்லை. காப்பீட்டின் வழியே அங்கு செல்லும் பொதுப்பணம், இடஒதுக்கீடு இல்லாத வேலைகளை வளர்க்கும் பணமும் ஆகிறது.

மாற்று வழியை நம் மாநிலமே காட்டியிருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 1948இல் பிரிட்டன் தன் தேசிய நலவாழ்வுச் சேவையை வரிப்பணத்தில் நிறுவியதும் இதே வழியில்தான்: அட்டையைக் கொடுத்து அனுப்பாமல் சேவையையே கொடுத்தது.

அப்படியானால் நம் மக்கள் ஏன் கடன்பட்டும் தனியாரிடம் போகிறார்கள்? நீண்ட வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கூலியை விடவும் பெரிது, “எந்தத் தெரு?” என்ற கேள்வியும் அதற்குப் பின் மாறும் குரலும். தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களினதை விட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டியது. வறுமை மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. பொது மருத்துவத்தை ஆதரிக்கும் நாம் இதை மூடி மறைத்தால், நம் வாதத்தை நம் தாய்மார்களே நம்ப மாட்டார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவு. கூலி முடிந்து வருவோருக்காக அரசு மருத்துவமனைகளில் மாலைநேரப் புறநோயாளிப் பிரிவு வேண்டும். சாதி பார்த்து நடத்துவோர் மீது புகாரளிக்க, அம்மருத்துவமனைக்கு வெளியே ஓர் அமைப்பு வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் காப்பீட்டுத் தொகையில் எவ்வளவு தனியாருக்கும் எவ்வளவு அரசு மருத்துவமனைகளுக்கும் சென்றது என்ற கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். கல்லூரி மாணவர்கள் இதைச் செய்தால், அடுத்த கிராம சபைக்குள் அந்த எண்கள் நம் கையில் இருக்கும்.