"சேவ் பண்ணத் தெரியாத டீச்சர்" என்று இனி யாரையும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பாடசாலைக் கணினியில் புள்ளி பதிகிறவர்களும், பதியச் சொல்லிக் கட்டளையிடுகிறவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். தரம் 10 வகுப்பாசிரியை 41 பிள்ளைகளுக்கும் 9 பாடங்களுக்குமான புள்ளிகளை, மொத்தம் 369, மூன்று பின்னேரம் பாடசாலையிலேயே இருந்து பதிந்தார். ஒவ்வொரு நாளும் சேவ் பண்ணினார். அடுத்த நாள் திறந்தால் போட்டதெல்லாம் அப்படியே இருந்தது. நான்காம் நாள் பிரதி அதிபர் அதே கணினியில், தன்னுடைய பயனர் பெயரில் நுழைந்து, அதே மென்பொருளைத் திறந்தார். போன தவணைப் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன.

"டீச்சர், சேவ் பண்ணத் தெரியாட்டி கேட்டிருக்கலாமே."

ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் சொன்ன சொல். "நான் போட்டேன் சேர், நேற்றும் பார்த்தேன்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிறகு கடைத் தம்பி வந்தார். "விண்டோஸ் பழுதாப் போச்சு சேர்" என்று சொல்லி ஃபார்மட் பண்ணிவிட்டுப் போனார். இரண்டு பாடங்களின் புள்ளித்தாள்கள் அதற்குள் கைமாறிப் போயிருந்தன. அவற்றைத் தேடி எடுத்து மறுபடி பதிந்து முடிக்க முன்னேற்ற அறிக்கை பிந்தியது. அந்தப் பிந்தலும் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது.

ஒரு விடயத்தை நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். அந்த 369 புள்ளிகளும் கடைத் தம்பி ஃபார்மட் பண்ணும் நிமிடம் வரைக்கும் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தன.

எப்படி? அந்த மென்பொருள் எக்ஸ்பி காலத்துச் சாமான். பழைய கணினியில் இருந்து போல்டரோடு தூக்கி, விண்டோஸ் 10 உள்ள புதிய கணினியில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற இடத்துக்குள் வைத்திருந்தார்கள். எக்ஸ்பி 2001இல் வந்தபோது வீட்டுக் கணினியைப் பாவித்த எல்லோருமே அநேகமாக அட்மின்தான். யாரும் எங்கேயும் எழுதலாம். அதனால் மென்பொருள் எழுதியவர்கள் தரவுக் கோப்பையும் மென்பொருள் இருக்கிற அதே போல்டருக்குள் போட்டுப் பழகிவிட்டார்கள். 2007இல் விஸ்டா வந்ததும் அந்தக் கதவு பூட்டப்பட்டது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' மென்பொருள் குடியிருக்கும் இடம், சாதாரணப் பயனர் அதற்குள் எழுத முடியாது. இது சரியான முடிவுதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

ஆனால் பழைய மென்பொருட்கள் ஒரேயடியாக நின்றுபோகாமல் இருக்க ஒரு தற்காலிக ஏற்பாடும் கூடவே வந்தது. பழைய மென்பொருள் பூட்டிய இடத்தில் எழுத முயன்றால், விண்டோஸ் அதை மறுக்காது. சத்தமில்லாமல் வேறிடத்தில் ஒரு பிரதியை எழுதும். அந்த இடத்தின் பெயர் 'வெர்ச்சுவல்ஸ்டோர்'. சி டிரைவில் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பயனர் பெயர், பிறகு 'ஆப்டேட்டா', 'லோக்கல்', அதற்குள் இருக்கும். 'ஆப்டேட்டா' மறைக்கப்பட்ட போல்டர், சும்மா தேடினால் கண்ணில் படாது. ஒவ்வொரு பயனருக்கும் அது வேறு வேறு. டீச்சரின் பெயரில் நுழைந்தால் டீச்சரின் பிரதி திறக்கும். சேர் நுழைந்தால் பழைய மூலப் பிரதி திறக்கும். இருவர் கண்ணும் பொய் சொல்லவில்லை. திரையில் ஒரு எச்சரிக்கை கூட வராது என்பதுதான் கொடுமை.

இனி எல்லோரும் சொல்கிற அந்த மந்திரத்துக்கு வருவோம். "ரைட் கிளிக் பண்ணி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க டீச்சர், எல்லாம் சரிவரும்." சரிவராது. அட்மினாகத் திறந்தால் இந்த மறைமுக ஏற்பாடு வேலை செய்யாது. மென்பொருள் நேரே மூலப் பிரதியைத்தான் திறக்கும். அதுவரை நீங்கள் பதிந்த அத்தனையும் கண்ணுக்கு முன்னால் 'மறையும்'. நாளைக்கு மறந்து சாதாரணமாகத் திறந்தால் அவை திரும்பி வரும், இன்றைக்குப் பதிந்தவை போய்விடும். இரண்டு கொப்பியில் மாறி மாறிப் புள்ளி எழுதுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை!

அதோடு முடியவில்லை. எல்லோரும் அட்மினாகத் திறக்க வேண்டும் என்பதற்காக அட்மின் பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதி மொனிட்டரில் ஒட்டி வைக்கிறோம். பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவில் என்னென்ன வைரஸ் வரும் என்று நமக்குத் தெரியாதா? அட்மின் உரிமையோடு திறந்தால் அது முழுக் கணினிக்கும் பரவும். வீட்டு முன்கதவுப் பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்போமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் பதிந்தவரின் பயனர் பெயரிலேயே நுழைந்து, மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, 'வெர்ச்சுவல்ஸ்டோருக்குள்' இருக்கிற தரவுக் கோப்பைப் பிரதியெடுங்கள். பிறகு மென்பொருளை 'புரோகிராம் ஃபைல்ஸுக்கு' வெளியே, சி டிரைவில் தனியாக ஒரு போல்டரிலோ டி டிரைவிலோ நிறுவி, அந்தக் கோப்பை அதற்குள் வையுங்கள். அங்கே வழமையாக எல்லோரும் எழுதலாம். இடம் மாற்றவே முடியாத மென்பொருள் என்றால், அந்த ஒரு போல்டரின் 'புரொப்பர்டீஸ்', 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மொடிஃபை' அனுமதி கொடுங்கள். அதை ஒரு தடவை அட்மின் செய்தால் போதும், பாஸ்வேர்டை ஊருக்குக் கொடுக்கத் தேவையில்லை. இதுவும் செய்து, 'டொக்கியுமென்ட்ஸில்' மட்டும் எழுத மறுக்கிறது என்றால், விண்டோஸ் 10இல் 2017 கடைசியில் வந்த ரேன்சம்வேர் பாதுகாப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மென்பொருளுக்கு மட்டும் அதில் அனுமதி கொடுக்கலாம். பாதுகாப்பையே நிறுத்தாதீர்கள்.

பாடசாலைகளுக்கு மென்பொருள் விற்கிறவர்களிடமும், "இதைத்தான் பாவிக்க வேண்டும்" என்று அனுப்புகிறவர்களிடமும் ஒரு கேள்வி. 2007இல் மாறிய விதி இது. அந்த வருடம் பிறந்த பிள்ளை சாதாரண தரமும் எழுதி முடித்தாகிவிட்டது. உங்கள் மென்பொருள் எந்தப் போல்டரில் எழுதுகிறது என்று ஒரு வரி எழுதித் தர உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லையா? அந்த ஒரு வரி இல்லாததற்கு விலை கொடுப்பது வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை. பின்னேரம் மூன்று நாள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து பதிந்த ஒரு ஆசிரியை.

கடைத் தம்பிமாருக்கும் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். "புள்ளியைக் காணவில்லை" என்று யாராவது அழைத்தால், ஃபார்மட் என்ற சொல்லை எடுக்குமுன் அந்தக் கணினியில் எத்தனை பயனர் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் நுழைந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

நடந்தது என்ன என்பதை அந்த டீச்சருக்கு நாங்கள் வேறொரு கணினியில் செய்தே காட்டினோம். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சேவ் பண்ணித்தான் இருக்கிறேன்" என்றார். ஆசிரியர் அறையில் அன்று அவரைச் சொன்னவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.